உண்மைச் சம்பவத்தைப் படமும் பாட்டுமாக எடுப்பது எப்படி? தனுஷ்கோடியை முன்வைத்து ஒரு முழு வழிகாட்டி

ஊரில் நடந்த ஒன்றைப் பாட்டாகக் கட்டிச் சொல்வது நமக்குப் பழைய வழக்கம். 1876-78 பஞ்சத்துக்குத் தாது வருடப் பஞ்சக் கும்மி இருக்கிறது. 1799-ல் கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்ட கட்டபொம்மனுக்குக் கதைப்பாடல் இருக்கிறது. கொலை, வெள்ளம், ரயில் விபத்து என்று எது நடந்தாலும் அதைச் சிந்தாக எழுதி, மலிவுத் தாளில் அச்சடித்து, சந்தையிலும் திருவிழாவிலும் பாடியே விற்றார்கள். கொலைச் சிந்து என்ற பெயரே அப்படி வந்ததுதான். அந்தப் பாட்டுக்காரர்களிடம் ஒரு நல்ல பழக்கம் இருந்தது: எந்த ஊர், எந்த நாள், யாருக்கு நடந்தது என்பதை எடுத்த எடுப்பிலேயே சொல்லிவிடுவார்கள். கெட்ட பழக்கமும் இருந்தது: புத்தகம் விற்க வேண்டுமே என்று ஒன்றைப் பத்தாக்குவார்கள்.

நல்லதை வைத்துக்கொண்டு கெட்டதை விடுவதற்கான முறைதான் இது. அளவு: 20 நிமிட ஆவணப்படம், அதற்குள் ஒரு பாட்டு. ஆள் மூன்று பேர், கருவி இரண்டு கைபேசி, காலம் நான்கு மாதம். உதாரணத்துக்கு, 1964 டிசம்பர் 22 நள்ளிரவில் தனுஷ்கோடியைக் கடல் கொண்ட சம்பவத்தை எடுத்துக்கொள்வோம். உங்கள் ஊர்ச் சம்பவம் எதுவானாலும் படிகள் இவையே.

படி 1: சம்பவம் தாங்குமா என்று பாருங்கள்

மூன்று கேள்விகள் போதும். நேரில் பார்த்தவர் மூன்று பேராவது உயிரோடு இருக்கிறார்களா? எழுத்தில் ஓர் ஆவணமாவது உண்டா? நடந்த இடத்தில் கேமரா வைக்க ஏதாவது மிச்சம் இருக்கிறதா? இரண்டுக்கு 'ஆமாம்' வந்தால் தொடங்கலாம். தனுஷ்கோடியில் அன்று பத்து வயதாக இருந்தவருக்கு இப்போது எழுபதைத் தாண்டியிருக்கும். ஆகவே ஆவணத்தைத் தேடுவதற்கு முன்பே ஆளைத் தேடிவிட வேண்டும். தாள் காத்திருக்கும், மனிதர் காத்திருக்க மாட்டார்.

20 நிமிடத்துக்குள் முழு வரலாறும் அடங்காது. ஒரு முனையைப் பிடியுங்கள். 'தனுஷ்கோடி அழிந்த கதை' என்பது பத்து மணி நேரச் சமாச்சாரம். 'பாம்பனிலிருந்து கிளம்பிய 653-ஆம் எண் பாசஞ்சர் ரயில்' என்பது 20 நிமிடத்தில் நிற்கும்.

படி 2: சான்றேடு

முழு வேலைக்கும் முதுகெலும்பு இதுதான். ஒரு நோட்டுப் புத்தகம் அல்லது கணினி அட்டவணை, ஐந்து பத்திகள்: தகவல், யார் சொன்னது, எந்த ஆவணம், முரண்பாடு, படத்தில் வருகிறதா பாட்டில் வருகிறதா. பாட்டில் வரும் ஒவ்வொரு வரிக்கும், திரையில் வரும் ஒவ்வொரு எண்ணுக்கும் இதில் ஓர் இடம் இருக்க வேண்டும். ஏட்டில் இல்லாதது பாட்டிலும் இல்லை.

எண்களில்தான் பெரும்பாலும் சறுக்கும். அந்த ரயிலில் இறந்தவர்கள் 115 பேர் என்று பல இடங்களில் இருக்கும்; சீட்டு வாங்காமல் ஏறியவர்களையும் சேர்த்தால் 200 வரை என்று வேறு இடங்களில் இருக்கும். இரண்டையும் ஏட்டில் எழுதி, எது எங்கிருந்து வந்தது என்று குறியுங்கள். படத்தில் 'நூறு பேருக்கு மேல்' என்று சொல்லிவிட்டால் யாரும் மறுக்க முடியாது. 'இருநூறு' என்ற சொல் தாளத்தில் அழகாக உட்காருகிறது என்பதற்காக அதை எடுத்துக்கொள்வதுதான் பழைய சிந்துக்காரர் செய்த தவறு.

ஆவணம் தேட: சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம், எழும்பூரில் தமிழ்நாடு ஆவணக் காப்பகம், கன்னிமாரா நூலகம். பழைய நாளிதழைப் பார்க்கும்போது சம்பவத்துக்கு மறுநாள் இதழோடு நிறுத்தாதீர்கள். முதல் நாள் செய்தியில் பிழை அதிகம். நான்காம் நாளிலிருந்து பத்தாம் நாள் வரைதான் திருத்தங்கள் வரும். தகவல் பரவியதே தாமதமாக என்பதால் தனுஷ்கோடிக்கு இது இன்னும் பொருந்தும்.

அரசுக் கோப்புகளுக்குத் தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005. கட்டணம் 10 ரூபாய், பதில் தர 30 நாள். ரயில்வே என்றால் மத்திய அரசின் இணையதளத்திலேயே விண்ணப்பிக்கலாம். விண்ணப்பம் வீணாவது எங்கே தெரியுமா? 'ஏன் ரயிலை நிறுத்தவில்லை?' என்று கேட்பதில். அது தகவல் அல்ல, கருத்து, தள்ளிவிடுவார்கள். 'இன்ன விபத்து குறித்த விசாரணை அறிக்கையின் நகல்' என்று ஆவணத்தின் பெயர் சொல்லிக் கேளுங்கள். 20 ஆண்டுக்கு முந்தைய சம்பவம் என்றால் பிரிவு 8(3)-ஐ விண்ணப்பத்திலேயே எழுதுங்கள். மறுப்பதற்கான காரணங்களில் பெரும்பாலானவை அதோடு விழுந்துவிடும். பதில் வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு.

பெரியவர்கள் தேதி சொல்ல மாட்டார்கள். 'எங்க மூத்தவ வயசுக்கு வந்த வருசம்' என்பார்கள். ஊரறிந்த நிகழ்ச்சிகளைக் கொக்கியாகப் போடுங்கள்: எம்.ஜி.ஆர். இறந்ததற்கு (1987 டிசம்பர் 24) முன்பா, பின்பா? நாகப்பட்டினம் புயலுக்கு (1977 நவம்பர்) முன்பா? சுனாமிக்கு (2004 டிசம்பர் 26) எத்தனை வருடம் முன்பு? இரண்டு கொக்கிக்கு நடுவில் ஆண்டு சிக்கிவிடும். மாதத்துக்குப் பண்டிகையைக் கேளுங்கள். 1964 டிசம்பர் 22 மார்கழியில் வருகிறது. 'ஆடி மாசம்' என்று ஒருவர் சொன்னால் அவர் வேறொரு புயலைச் சொல்கிறார்.

படி 3: ஒப்புதலும் சட்டமும்

பேட்டி தருபவரிடம் எழுத்தில் ஒப்புதல் வாங்குங்கள். கேமரா முன்னால் வாயாலும் சொல்லச் சொல்லுங்கள். படம் எங்கே வெளியாகும், பணம் உண்டா இல்லையா, வெளியீட்டுக்கு முன் விலகலாமா என்று மூன்றும் அதில் இருக்கட்டும். படிக்கத் தெரியாதவருக்கு வாசித்துக் காட்டி, அதையும் பதிவு செய்யுங்கள்.

இயற்கைச் சீற்றம் என்றால் இதோடு முடிந்தது. குற்ற வழக்கு என்றால் வேறு கதை. கொலைக் குற்றவாளி ஆட்டோ சங்கரின் தன்வரலாற்றை நக்கீரன் இதழ் வெளியிடுவது தொடர்பான வழக்கில் 1994-ல் உச்ச நீதிமன்றம் வகுத்த வழி இன்றும் அடிப்படை: நீதிமன்ற ஆவணம் போன்ற பொது ஆவணத்தில் இருப்பதை ஒருவரின் ஒப்புதல் இல்லாமலே வெளியிடலாம், அதைத் தாண்டி அவர் தனி வாழ்க்கைக்குள் போனால் ஒப்புதல் வேண்டும். ஆகவே தீர்ப்பின் நகல் கையில் இருப்பது பெரிய கவசம்.

இதற்கும் விலக்கு உண்டு. பாலியல் குற்றத்தால் பாதிக்கப்பட்டவரை அடையாளம் காட்டக் கூடாது (பாரதிய நியாய சன்ஹிதா, பிரிவு 72). குழந்தைகள் என்றால் போக்சோ சட்டம் பிரிவு 23. முகத்தை மங்கலாக்கினால் போதும் என்று நினைப்பவர்கள் அதிகம். போதாது. குரல், வீட்டு வாசல், பள்ளிச் சீருடை, அம்மாவின் பெயர், இதில் எது தெரிந்தாலும் ஊரில் எல்லாருக்கும் தெரிந்துவிடும். பெயரை மாற்றிவிட்டதாலேயே அவதூறு வழக்கிலிருந்து தப்பிவிடவும் முடியாது; யாரைச் சொல்கிறீர்கள் என்று பார்ப்பவருக்குப் புரிந்தால் சட்டத்துக்கும் புரியும். வழக்கு இன்னும் நடந்துகொண்டிருந்தால் ஒரு வழக்கறிஞரிடம் கையெழுத்துப் பிரதியைக் காட்டாமல் வெளியிடாதீர்கள்.

படி 4: பேட்டி

ஒலி கெட்டால் படமே கெட்டது. ஒளி சுமாராக இருந்தால் பார்ப்பவர் பொறுத்துக்கொள்வார். பேச்சு கேட்காவிட்டால் எழுந்து போய்விடுவார். அதனால் காசு இருந்தால் முதலில் காலர் மைக் வாங்குங்கள். தாடையிலிருந்து ஒரு சாண் கீழே குத்துங்கள். பட்டுப் புடவை சரசரக்கும், தாலிச் சங்கிலி மைக்கில் தட்டும். பருத்திப் புடவையில் வரச் சொல்லி முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள், சங்கிலியை உள்ளே தள்ளிவிடச் சொல்லுங்கள். பதிவு 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட். உரக்கப் பேசும்போது ஒலி அளவு காட்டும் முள் மைனஸ் 12 டெசிபலைத் தொட்டால் சரியான அளவு. அழுகையோ கத்தலோ வரும்போது ஏற இடம் வேண்டும்.

மின்விசிறியை நிறுத்துங்கள், ஃபிரிட்ஜை நிறுத்துங்கள். ஃபிரிட்ஜை நிறுத்தும்போது உங்கள் வண்டிச் சாவியை அதற்குள்ளேயே வைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் திரும்பப் போட மறந்து கிளம்பிவிடுவீர்கள், அந்த வீட்டில் தோசை மாவு புளித்துப்போகும். பேட்டி முடிந்ததும் யாரும் பேசாமல் ஒரு நிமிடம் அறையின் வெறும் ஓசையைப் பதிவு செய்யுங்கள். வெட்டி ஒட்டும் இடங்களை மூடுவது அந்த ஓசைதான்.

படத்துக்கு நொடிக்கு 25 சட்டகம் (ஃபிரேம்), ஷட்டர் 1/50. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் கைபேசி தானாக எடுத்துக்கொள்ளும் 30 சட்டகத்தில் குழல்விளக்கு படபடக்கும். பிறகு சரிசெய்வது கடினம். வெளிச்ச அளவையும் வெள்ளைச் சமநிலையையும் (ஒயிட் பேலன்ஸ்) பூட்டிவிடுங்கள். ஒரு மணி நேர 4கே பதிவுக்குக் கைபேசியைப் பொறுத்து 10 முதல் 20 ஜி.பி. போகும். அன்றிரவே இரண்டு தனித்தனி வட்டுகளில் நகலெடுங்கள், ஒன்றை வேறு வீட்டில் வையுங்கள்.

கேட்கும் முறை: முதலில் இடத்தைக் கேளுங்கள், பிறகு நேரத்தை, கடைசியில் மனதை. 'வீடு எங்கே இருந்தது? கடல் எந்தப் பக்கம்? ஸ்டேஷன் எவ்வளவு தூரம்?' என்று தொடங்கினால் ஞாபகம் தானாகத் திறக்கும். 'அப்போ எப்படி இருந்துச்சு?' என்று எடுத்ததும் கேட்டால் தொலைக்காட்சிக்குச் சொல்லிப் பழகிய பதில்தான் வரும். உங்கள் கேள்வி படத்தில் இருக்காது என்பதால் கேள்வியையும் சேர்த்து முழு வாக்கியமாகச் சொல்லக் கேட்டுக்கொள்ளுங்கள். அவர் முடித்த பிறகு ஐந்து நொடி சும்மா இருங்கள். நல்ல வரி அந்த ஐந்து நொடிக்குப் பிறகுதான் பெரும்பாலும் வரும்.

கூட்டத்தில் பேட்டி எடுக்காதீர்கள். 'இல்ல பெரிம்மா, அது மறுநாள்' என்று பக்கத்து வீட்டுப் பையன் எடுத்துக்கொடுத்த கணத்திலிருந்து உங்களிடம் இருப்பது ஒரு சாட்சி அல்ல, ஊர்ப் பொதுக்கதை. இருவர் சொன்னது முரண்பட்டால் ஒருவர் சொன்னதை மற்றவரிடம் சொல்லித் திருத்தாதீர்கள். ஏட்டின் நான்காம் பத்தி அதற்குத்தான்.

படி 5: பாட்டு எழுதுதல்

முதலில் வடிவம். நடந்ததை வரிசையாகச் சொல்லச் சிந்து. ஒருத்தரின் இழப்பை அவர் வாயாலேயே சொல்ல ஒப்பாரி. கேள்வியும் பதிலுமாக, நடுநடுவே பேச்சும் வேண்டுமென்றால் வில்லுப்பாட்டு. ஆனால் அது நெல்லை, கன்னியாகுமரி மண்ணின் வடிவம், அந்த ஊர்ச் சம்பவத்துக்குத்தான் ஒட்டும். கடலோரச் சம்பவம் என்றால் மீனவரின் அம்பாப் பாட்டு நடை இருக்கிறது. ஒப்பாரியைக் கற்பனையாக எழுதாதீர்கள் என்பது எங்கள் உறுதியான கருத்து. இழந்தவர் தாமே பாடித் தந்தால் எடுத்துக்கொள்ளலாம்; அவர் அழுகையை நாம் எழுதிக் கொடுப்பது சரியல்ல.

தனுஷ்கோடிக்கு நொண்டிச் சிந்து பொருந்தும். ஓரடிக்கு எட்டுச் சீர், நான்காவது சீர் தனிச்சொல். மூன்று சீர் போய், தனிச்சொல்லில் சற்று நின்று, மீதி நான்கு சீர் ஓடும். ஓசை காதில் ஏற வேண்டுமானால் பாரதியின் 'நெஞ்சு பொறுக்கு திலையே'யை வாய்விட்டுப் படியுங்கள். அது இதே நடை. மாதிரிக்கு இரண்டு அடி:

வண்டி கிளம்பிய நேரம் - பாம்பன்
வானமும் கடலும் ஒன்றான நேரம்
கண்டவர் யாரென்று கேட்டால் - அந்தக்
கடலன்றிச் சாட்சிகள் யாரும் இல்லை

'வண்டி', 'கண்டவர்' எதுகை. ஒவ்வோர் அடிக்குள்ளும் 'வண்டி - வானமும்', 'கண்டவர் - கடலன்றி' மோனை. இதைவிட முக்கியம், பின்னிரண்டு வரிகள் செய்யும் வேலை. அந்த ரயிலில் போனவர் யாரும் பிழைக்கவில்லை. உள்ளே கடைசி நிமிடம் எப்படி இருந்தது என்று சொல்ல ஆள் இல்லை. சான்று இல்லாத இடத்தைக் கற்பனையால் நிரப்பாமல், இல்லை என்பதையே பாட்டு சொல்லிவிடுகிறது. 'குழந்தைகள் கதறினார்கள்' என்று எழுதியிருந்தால் அது ஏட்டில் இல்லாத வரி.

மொத்தம் 16 அடி போதும், பாடினால் ஏறத்தாழ மூன்று நிமிடம். முதல் நான்கடியில் நாளும் ஊரும். எழுதியதைப் பாடகரிடம் கொடுத்ததும் அவர் சில சொற்களை வாய்க்கு வசதியாக மாற்றுவார். மாற்றட்டும், அதில் அவர் உங்களைவிடக் கெட்டிக்காரர். ஆனால் மாறிய வரியை மறுபடி ஏட்டோடு ஒத்துப் பாருங்கள். 'பாம்பன்' என்பது ஓசைக்காக 'மண்டபம்' ஆகிவிடும்.

படி 6: பாட்டைப் பதிவு செய்தல்

நாட்டுப்புறப் பாடகரைக் காதில் தாளக் கருவியின் டிக் டிக் ஓசையோடு பாட வைக்காதீர்கள். உணர்ச்சியோடு வேகம் கூடிக் குறைவதுதான் அவர் பாட்டு. முழுப் பாட்டையும் ஒரே மூச்சில் மூன்று முறை பாடச் சொல்லிச் சிறந்ததை எடுங்கள். துண்டு துண்டாக ஒட்டினால் சுருதி இடறும். சுருதி பாடுபவருக்கு எது வசதியோ அது.

ஸ்டூடியோ வேண்டியதில்லை. மெத்தை, போர்வை, துணி நிறைந்த சிறு அறை போதும். குரல் மைக் ஒரு சாண் தூரத்தில். பறை இருந்தால் அதே அறையில் வேண்டாம், திறந்தவெளியில் ஐந்தாறு அடி தள்ளி மைக் வையுங்கள், அளவை மைனஸ் 18-க்கு இறக்குங்கள். முதல் அடியிலேயே முள் உச்சிக்குப் போய்விடும். கடற்கரை ஈரத்தில் பறைத்தோல் தளரும். தீயில் காய்ச்ச வைக்கோலும் சருகும் தயாராக இருக்கட்டும், இரண்டு பாட்டுக்கு ஒருமுறை இடைவேளை விடுங்கள். சம்பளம், பெயர் போடும் விதம், பாட்டைத் தனியாக வெளியிட்டால் பங்கு, இவை மூன்றையும் பதிவுக்கு முன்பே எழுத்தில் போடுங்கள்.

பழைய சினிமாப் பாட்டை வைத்துக்கொள்ளலாமே என்ற ஆசை எல்லோருக்கும் வரும். 2006-ல் கொடைக்கானல் குணா குகையில் நடந்த மீட்பைச் சொன்ன 'மஞ்ஞும்மல் பாய்ஸ்' (2024) படத்தில் 'கண்மணி அன்போடு' பாட்டு வந்தது. அதற்கு இளையராஜா தரப்பிலிருந்து வழக்கறிஞர் நோட்டீஸ் போனது. ஒலிப்பதிவுக்கு ஓர் உரிமை, மெட்டுக்கு ஓர் உரிமை, வரிக்கு ஓர் உரிமை. எது யாரிடம் இருக்கிறது என்று தனித்தனியே பார்க்க வேண்டும். காலக் கணக்கும் தனித்தனி. 1964-ல் வெளியான ஒலிப்பதிவின் 60 ஆண்டு 2024 முடிவோடு தீர்ந்தது. ஆனால் அதே பாட்டின் வரி கண்ணதாசனுடையது என்றால், அவர் 1981-ல் இறந்ததால் 2041 முடியும் வரையாவது காப்புரிமை இருக்கும். மெட்டு எம்.எஸ். விஸ்வநாதனுடையது என்றால், அவர் மறைந்தது 2015, ஆக 2075 வரை. 'பத்து நொடி போடலாம், பிரச்சினை இல்லை' என்பது சட்டத்தில் எங்கும் இல்லாத விதி.

படி 7: இடத்தைப் படமாக்குதல்

தனுஷ்கோடியில் காலை ஆறு முதல் எட்டு வரை எடுங்கள். பிறகு மணல் கண்ணைக் கூசும், வண்டிகள் வந்துவிடும். மைக்குக்குப் பஞ்சுறை இல்லாமல் கடற்காற்றில் எதையும் பதிவு செய்ய முடியாது. லென்ஸில் உப்புப் படியும். காய்ந்த துணியால் தேய்த்தால் கீறல் விழும், முதலில் ஊதித் தள்ளிப் பிறகு ஈரத்துணி. டிரோன் என்றால் அனுமதியை முன்பே வாங்குங்கள், இது எல்லையோரக் கடல்.

காலப்பிழையைக் கவனியுங்கள். பாம்பனில் பழைய ரயில் பாலத்துக்குப் பக்கத்திலேயே 2025 ஏப்ரலில் திறந்த புதிய பாலம் நிற்கிறது, சாலைப் பாலமும் இருக்கிறது. 1964 என்று பேச்சு ஓடும்போது இவை ஓரத்தில் தெரிந்தால் படமே நம்பிக்கை இழக்கும். பின்னணியில் உள்ள பொருளும் பேசும்: 'ஜெய் பீம்' (2021) படத்தில் ஒரு காட்சியின் சுவரில் தொங்கிய காலண்டர் பெரிய சர்ச்சையாகி, அந்தக் காலண்டர் படத்தையே மாற்ற வேண்டிவந்தது. எடுத்த காட்சியைச் சட்டகம் சட்டகமாக நிறுத்தி, சுவர், பலகை, வண்டி எண் எல்லாவற்றையும் படியுங்கள்.

நடித்துக் காட்டும் காட்சி வேண்டாம். காசும் போகும், நம்பிக்கையும் போகும். இரவுக் கடல், துருப்பிடித்த இரும்பு, சிதைந்த தேவாலயச் சுவர், தண்டவாள ஓசை, இவற்றின் மேல் பாட்டு ஓடினால் போதும்.

படி 8: வெட்டி ஒட்டுதல்

கணினியைத் திறப்பதற்கு முன் எல்லாப் பேட்டியையும் நேரக் குறியோடு எழுத்தில் இறக்குங்கள். ஒரு மணி நேரப் பேச்சுக்கு ஐந்தாறு மணி நேர வேலை. அலுப்பு, ஆனால் இதைத் தவிர்த்தவர்கள் பிறகு இரண்டு மடங்கு நேரம் தொலைக்கிறார்கள். அச்செடுத்துக் கத்தரியால் வெட்டித் தரையில் அடுக்குங்கள். வரிசை தரையில் சரியாக வராவிட்டால் திரையிலும் வராது.

பாட்டை நான்காக உடைத்து நான்கு இடத்தில் வையுங்கள்: தொடக்கம், ரயில் கிளம்பும் இடம், மறுநாள் காலை, முடிவு. பேசுபவர் குரலுக்குக் கீழே பாட்டை ஓடவிடாதீர்கள். சாட்சி சொல்லும்போது இசை வந்தால், அவரை நம்பாமல் நீங்கள் அழவைக்கப் பார்க்கிறீர்கள் என்று தெரிந்துவிடும். பேச்சு, பிறகு இரண்டு நொடி அமைதி, பிறகு பாட்டு. மொத்த ஒலி அளவு இணையத்துக்கு மைனஸ் 14 எல்.யூ.எஃப்.எஸ். (காதில் கேட்கும் சத்தத்தை அளக்கும் அலகு). வட்டார வழக்கைத் துணைவரியில் (சப்டைட்டில்) திருத்தி எழுதாதீர்கள்.

படி 9: காட்டுதல்

முதலில் பேட்டி தந்தவர்களுக்கு, அவர்கள் ஊரிலேயே, ஒரு வேட்டியைத் திரையாகக் கட்டிக் காட்டுங்கள். பிழை இருந்தால் அங்கேயே சொல்வார்கள்: 'அது எங்க மாமா இல்ல, சித்தப்பா.' திருத்தத்துக்கு இரண்டு வாரம் ஒதுக்கிய பிறகே வெளியீட்டுத் தேதியை அறிவியுங்கள். திரையரங்கில் ஓட்டத் தணிக்கைச் சான்றிதழ் கட்டாயம். 2023 திருத்தத்துக்குப் பிறகு யு/ஏ பிரிவு 7, 13, 16 வயது என்று மூன்றாகிவிட்டது. இணையத்தில் மட்டும் போடுவதற்குத் தணிக்கை வாரியச் சான்று கேட்கப்படுவதில்லை, ஆனால் மேலே சொன்ன மற்ற சட்டங்கள் அப்படியே பொருந்தும்.

படத்தோடு, வெட்டாத முழுப் பேட்டியையும் பென் டிரைவில் போட்டு அந்தந்தக் குடும்பத்துக்குக் கொடுங்கள். வீட்டுத் தொலைக்காட்சியில் நேராக ஓடும்படி எச்.264 வடிவில், 1080 அளவில் மாற்றித் தாருங்கள். 4கே மூலக் கோப்பைக் கொடுத்தால் பல தொலைக்காட்சிகளில் படம் திக்கும், சிலவற்றில் கோப்பே திறக்காது.